பின்னால் வருபவருக்கான விளக்கு

ஒரு வண்டியில் இருக்கும் விளக்குகளிலேயே விசித்திரமானது பின் விளக்குதான். அதைக் காசு கொடுத்து வாங்குபவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். முன் விளக்கு எரியவில்லை என்றால் ஓட்டுபவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். பின் விளக்கு எரியவில்லை என்றால் பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். சில சமயம் அவருக்கும் மோதிய பிறகுதான் தெரியும்!

பொருளாதாரப் பாடத்தில் இதைப் புறநன்மை என்பார்கள். செலவு ஒருவருக்கு, பலன் வேறொருவருக்கு. இப்படிப்பட்ட பொருளை மக்கள் தாங்களாக முன்வந்து போதுமான அளவு வாங்க மாட்டார்கள் என்றும் அதே பாடம் சொல்லும். பின் விளக்கின் நூறு வருடக் கதையைப் படித்தால் இந்தக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. யாராவது கட்டாயப்படுத்திய பிறகுதான் ஒவ்வொரு முறையும் அது வண்டிக்கு வந்திருக்கிறது.

இன்று அமெரிக்காவில் பாலைவனத்திலும் மலைப்பாதையிலும் ஓட்டுகிற ஆஃப்-ரோடு டிரக்குகளுக்குப் பின்னால் கூடுதல் எல்.இ.டி. விளக்கு மாட்டிக்கொள்வது பெரிய வழக்கம். எந்த நிறம், எத்தனை வாட், எவ்வளவு உயரம், ரிலே வேண்டுமா வேண்டாமா என்று ஆயிரம் கேள்விகள். இவற்றில் முக்கால்வாசிக்குப் பதில் பழைய கதையிலேயே இருக்கிறது.

ஃபோர்டு மாடல் டி காரிலிருந்து ஆரம்பிக்கலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற கார் அது. 1915-இல் அதற்கு மின்சார முன் விளக்கு வந்துவிட்டது. பின்னால் மட்டும் அப்போதும் மண்ணெண்ணெய் விளக்குதான், அதுவும் ஒன்றே ஒன்று. பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி, பக்கவாட்டில் வெள்ளைக் கண்ணாடி. வெள்ளைக் கண்ணாடி எதற்கு என்றால் நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் காட்ட! அதாவது அந்த விளக்கின் பாதி வேலை போலீஸ்காரருக்கானது. முன்னால் மின்சாரமும் பின்னால் மண்ணெண்ணெயுமாக ஓடிய அந்தக் கார், தனக்கு வேண்டியதை முதலிலும் அடுத்தவருக்கு வேண்டியதைக் கடைசியிலும் செய்யும் மனித சுபாவத்தின் படம் மாதிரி இருக்கிறது.

பின் விளக்கைப் பற்றி நிஜமாகவே யாரோ உட்கார்ந்து யோசித்தார்கள் என்றால் அது இரண்டாம் உலகப் போரின்போதுதான். இரவில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போக வேண்டும். விமானத்திலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. ஆனால் பின்னால் வரும் லாரிக்காரர் முன் வண்டியைத் தொலைக்கவும் கூடாது, இடிக்கவும் கூடாது. இதற்கு அமெரிக்க ராணுவம் கண்டுபிடித்த வழி ரொம்ப அழகானது.

ஜீப்பிலும் ஜி.எம்.சி. லாரியிலும் பின்னால் சின்னச் சின்ன சிவப்புச் சில்லுகள் கொண்ட மங்கலான விளக்குகளை வைத்தார்கள். பூனைக்கண் என்று வீரர்கள் கூப்பிட்ட விளக்கு. பின்னால் வருபவர் 60 அடிக்குள் இருந்தால் அவர் கண்ணுக்கு நான்கு புள்ளிகள் தெரியும். 60 முதல் 180 அடி வரை இரண்டு. 180 அடியைத் தாண்டினால் எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளி. அருகருகே உள்ள இரண்டு ஒளிப் புள்ளிகளை ஒரு தூரத்துக்கு மேல் மனிதக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது அல்லவா? அந்தக் குறையையே அளவுகோலாக மாற்றிவிட்டார்கள். நான்கு தெரிந்தால் வேகத்தைக் குறை, ஒன்று தெரிந்தால் கூட்டு, இரண்டு தெரிந்தால் அப்படியே போ. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஐந்து நிமிடத்தில் புரியும்.

1944 ஆகஸ்ட் 25-இல் பிரான்சில் தொடங்கிய ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரித் தொடர், போர்முனையை நெருங்கும்போது இந்த மாதிரி விளக்கை நம்பித்தான் ஓடியது. ஆகஸ்ட் 29 அன்று மட்டும் 5,958 வண்டிகள் 12,342 டன் சரக்கைச் சுமந்தன. ஓட்டியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர்கள். நவம்பர் 16 வரை, கிட்டத்தட்ட மூன்று மாதம், இரவு பகலாக ஓடினார்கள். முன் லாரியின் மங்கலான சிவப்புப் புள்ளியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் மணிக்கணக்காக ஓட்டுவது எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். போர் வரலாற்றுப் புத்தகங்கள் டாங்கிகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒரு பங்கை இவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த விளக்கில் பிரகாசம் கிடையாது. தூரத்தைச் சரியாகச் சொன்னது, அவ்வளவே. இன்று கூடுதல் விளக்கு வாங்குபவர்கள் பெட்டியில் லூமென் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதை நினைத்தால் அந்த ராணுவப் பொறியாளர்கள் சிரிப்பார்கள்.

அதற்காகப் பிரகாசம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவின் பிரச்சினை வேறு. அங்கே எதிரி விமானம் அல்ல, மூடுபனி. சாதாரண டெயில் லைட்டின் ஒளிச்செறிவு விதிப்படி 4 முதல் 12 கேண்டெலா வரைதான் இருந்தது. பனிக்குள் அது பத்தடி தள்ளியே கரைந்துவிடும். அதனால் பின் மூடுபனி விளக்கு என்று தனியாக ஒன்று வந்தது. 1977-இல் ஐரோப்பிய சமூகம் அதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. பிரிட்டனில் 1980 ஏப்ரல் 1 முதல் புதிதாக ஓடத் தொடங்கிய வண்டிகளுக்குக் கட்டாயமானது. இதன் ஒளிச்செறிவு 150 முதல் 300 கேண்டெலா வரை. பிரேக் விளக்கும் இதுவும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக இரண்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

உடனே அடுத்த தொல்லை ஆரம்பித்தது. பனி விலகிய பிறகும் அணைக்க மறந்து, பின்னால் வருபவர் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு போகிறவர்கள்! ஜெர்மனியில் பனியால் பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால்தான் இதைப் போடலாம். பின் விளக்கு குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்த இடம் இது.

பனி தரையோடு தானாக வருவது. புழுதி அப்படியல்ல, முன்னால் போகிற வண்டியே கிளப்பிவிடுவது. சாலையே இல்லாத இடத்தில் ஓட்டுகிற டிரக்குகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

1967 நவம்பரில் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் மெக்சிகன் 1000 என்ற பந்தயம் முதல் முறையாக நடந்தது. தூரம் சுமார் 1,360 கிலோமீட்டர். விக் வில்சன், டெட் மேங்கல்ஸ் இருவரும் மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற குட்டி வண்டியில் 27 மணி 38 நிமிடத்தில் லா பாஸ் நகரத்தை அடைந்து வென்றார்கள். 27 மணி நேரம் என்றால் ஒரு முழு இரவும் அதில் அடக்கம். பிறகு பாஹா 1000 என்று உலகப் புகழ் பெற்றது இதுதான்.

அந்தத் தீபகற்பத்தில் சில இடங்களில் மண் குட்டிக்கூரா பவுடர் மாதிரி இருக்கும். டயர் பட்டதும் எழும்பி, காற்று இல்லாவிட்டால் அப்படியே தொங்கும். சகாரா பகுதியில் இதே மாதிரி மண்ணுக்கு ஃபெஷ்-ஃபெஷ் என்று பெயர். வண்டிகளை இடைவெளி விட்டுத்தான் கிளப்பி விடுவார்கள். ஆனால் வேகமான வண்டி மெதுவான வண்டியை எட்டிப் பிடிக்கும்போது புழுதிக்குள் நுழைந்தே ஆக வேண்டும். உள்ளே ஒருவர் டயர் பஞ்சராகி நடுப்பாதையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அவரைக் காட்டக்கூடியது ஒரே ஒரு விளக்கு. அங்கே அந்த விளக்கு அலங்காரம் இல்லை, உயிர்.

இதனால் பாலைவனப் பந்தய வண்டிகளுக்குப் பின்னால் சிவப்பு விளக்குகளோடு ஆம்பர் நிற விளக்கும் சேர்ந்தது. ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவே உள்ள, சிக்னல் விளக்கில் இருக்குமே, அந்த நிறம். 1978 டிசம்பர் 26-இல் பாரிசிலிருந்து முதல் முறை கிளம்பிய டக்கார் ராலியின் வழிவேறு. அந்த வகைப் பந்தயங்களின் சர்வதேச விதிகள் மூடுபனி வகை சிவப்பு விளக்கு இரண்டையும், கூடுதல் பிரேக் விளக்கு இரண்டையும் கேட்கின்றன. டக்காரில் விளக்கு மட்டும் போதாது என்று பிறகு சென்டினல் என்ற கருவியும் கட்டாயமானது. பின்னால் வருபவர் ஒரு பொத்தானை அழுத்தினால் முன் வண்டிக்குள் பெரிய சத்தத்தோடு ஹாரன் அடிக்கும். புழுதி ஒரு அளவுக்கு மேல் போனால் எந்த விளக்காலும் பயனில்லை என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது.

ஆம்பர் நிறம் ஏன்? மஞ்சள் ஒளி புழுதியையும் பனியையும் துளைத்துக்கொண்டு போகும் என்று பலரும் நம்புகிறார்கள். வானம் நீலமாக இருப்பதற்கான காரணத்தை இங்கே கொண்டுவந்து பொருத்துவதால் வருகிற குழப்பம். நீல ஒளி அதிகமாகச் சிதறுவது, ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில்தான். டிரக் கிளப்பும் புழுதியின் துகள்கள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். (இதே நம்பிக்கையின் துணையோடு பிரான்சில் 1930-களிலிருந்து 1993 வரை எல்லாக் கார்களும் மஞ்சள் முன் விளக்கோடு ஓடின என்பது தனிக் கதை!)

ஆம்பரின் பலம் மனிதக் கண்ணில் இருக்கிறது. நம் கண்ணுக்குப் பச்சை கலந்த மஞ்சள்தான் மிக நன்றாகத் தெரியும். அதனால் ஒரே அளவு ஒளி ஆற்றலில் 590 நானோமீட்டர் ஆம்பர், 630 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசமாகத் தெரியும். இன்னொரு வசதி, பிரேக் விளக்கின் சிவப்போடு அது குழம்பாது. ஆம்பர் என்றால் "இங்கே ஒரு வண்டி இருக்கிறது", சிவப்பு கூடினால் "அது நிற்கப் போகிறது".

பந்தயத்துக்கு வெளியே, சாதாரண சாலையில் இந்த யோசனையைச் சோதித்துப் பார்த்தவர் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர். சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்னால், நடுவில் கூடுதலாக ஒரு விளக்கைப் பொருத்தினார். 1974-இல் வெளியான அவரது ஆய்வில் பின்பக்க மோதல் விகிதம் 60.6 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு சின்ன விளக்குக்கு இவ்வளவு பலனா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களிலிருந்து மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமானது. பிக்கப் டிரக்குகளுக்கு 1994 மாடலில்தான் வந்தது. எட்டு வருடம் தாமதம்!

பிறகு வந்த கணக்கு கொஞ்சம் ஏமாற்றம் தரும். 1998-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட ஆய்வுப்படி, ஆரம்ப வருடங்களில் 8.5 சதவீதமாக இருந்த பலன் 4.3 சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது. எல்லா வண்டியிலும் இருக்கும்போது அது புதுமையாக இல்லை, கண்ணை இழுப்பதும் குறைகிறது. ஆனால் வணிகவியல் படித்தவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். எல்லாக் கார்களிலும் சிறு டிரக்குகளிலும் இந்த விளக்கு இருக்கும் நிலையில் ஆண்டுக்கு 65.5 கோடி டாலர் சேதம் தவிர்க்கப்படும், விளக்குக்கு ஆகும் செலவு சுமார் 20.6 கோடி டாலர் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. ஒன்று போட்டால் மூன்று. தவிர்க்கப்படும் காயங்கள் இந்த டாலர் கணக்கில் சேரவில்லை. இவ்வளவு லாபமான முதலீட்டைக்கூடச் சட்டம் போட்டுத்தான் செய்ய வைக்க வேண்டியிருந்தது, காரணம் மேலே சொன்னதுதான்.

அந்த மூன்றாவது பிரேக் விளக்குதான் எல்.இ.டி.க்குக் காரின் வெளிப்பக்கம் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று. 1962-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். கால்குலேட்டரிலும் கடிகாரத்திலும் எண் காட்டுவதற்கு மேல் அப்போது அதில் ஒளி கிடையாது. 1990 வாக்கில் புதிய குறைக்கடத்திக் கலவைகள் வந்த பிறகுதான் சிவப்பும் ஆம்பரும் பகல் வெளிச்சத்திலும் தெரியும் அளவுக்குப் பிரகாசமாயின. வெள்ளைக்கு, ஜப்பானில் நீல எல்.இ.டி. உருவாகி 1990-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 நோபல் பரிசு அந்த நீலத்துக்குத்தான்.

பழைய பல்பில் இழை சூடாகி முழு ஒளி தர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடி என்பது 4.4 மீட்டர், ஒரு காரின் நீளம். அதைவிட ஆஃப்-ரோடு ஆட்களுக்குப் பிடித்த விஷயம், அறுந்து போக இழையே இல்லை என்பது. கல்லிலும் குழியிலும் குதித்து ஓடும் டிரக்கில் பல்பின் இழை எத்தனை நாள் தாங்கும்?

சரி, இப்போது ஒரு பிக்கப் டிரக்குக்குப் பின் விளக்கு வாங்க வேண்டும் என்றால்?

முதல் தவறு பெரும்பாலும் வெள்ளை விளக்கு வாங்குவது. வெள்ளை நல்லதுதான், ரிவர்ஸ் எடுக்கும்போதும் இரவில் கூடாரம் அடிக்கும்போதும். முன்னால் ஓடிக்கொண்டே பின்னால் வெள்ளை ஒளி பாய்ச்சினால் புழுதி மொத்தமும் வெள்ளைச் சுவராகிவிடும், பின்னால் வருபவர் கண்ணும் போய்விடும். அமெரிக்க விதிப்படி வண்டியின் ரிவர்ஸ் விளக்கு ரிவர்ஸ் கியர் விழுந்தால்தான் எரிய வேண்டும். ஆகவே வெள்ளைக்கு ஒரு சர்க்யூட், ஓடும்போது போடும் ஆம்பருக்கு அல்லது சிவப்புக்கு வேறொரு சர்க்யூட். இரண்டையும் ஒரே ஸ்விட்சில் சேர்ப்பது காசு மிச்சம் பிடிக்கும் வழி இல்லை, விபத்து வாங்கும் வழி.

உயரம் அடுத்தது. புழுதி டயரிலிருந்து எழுவதால் தரைக்கு அருகில்தான் அடர்த்தி அதிகம். பம்பரில் மாட்டிய விளக்கு புழுதியில் புதைந்திருக்கும்போது, கேபின் கூரையில் மாட்டியது தெரியும். பிறகு ஐ.பி. எண். ஐ.பி. 67 என்றால் முதல் இலக்கம் 6, தூசி உள்ளே போகாது. இரண்டாவது 7, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். உயர் அழுத்தத் தண்ணீரில் வண்டி கழுவுபவர்கள் 69கே என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வயரிங்கில் எல்.இ.டி. ஒரு வரப்பிரசாதம். பழைய முறையில் 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் ஓடும். பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை 6 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் வயரில் இழுத்தால் வழியிலேயே ஏறக்குறைய 1 வோல்ட் காணாமல் போகும். ஒரு வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது, இழை பல்பில் அது ஒளியில் கால்வாசி. அதே இடத்தில் 18 வாட் எல்.இ.டி. இரண்டு என்றால் 3 ஆம்பியர்தான், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

அப்படியானால் ரிலே எதற்கு? ரிவர்ஸ் கியரோடு தானாக எரிய வைக்க வேண்டும் என்றால் ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்துதான் சமிக்ஞை எடுக்க வேண்டும். இன்றைய டிரக்குகளில் அந்த வயரில் ஓடும் மின்சாரத்தை ஒரு கணினி கண்காணிக்கும். கூடுதல் விளக்கை நேராக அதில் கோத்தால் பிழை காட்டும் அல்லது அந்தப் பெட்டியே கெடும். ரிலே காயில் கேட்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு. ரிலேயின் 86-ஆம் முனைக்கு அந்தச் சமிக்ஞை, 85 எர்த், 30-க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி, 87-லிருந்து விளக்கு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. பின்னால் போகும் வயர் சேசிஸ் ஓரத்தில் உரசி, எரிபொருள் டேங்கைத் தாண்டித்தான் போகிறது. உறை கிழிந்து ஷார்ட் ஆனால், ஃபியூசுக்கு முன்னால் உள்ள வயரைக் காப்பாற்ற யாரும் இல்லை.

விளக்கு மினுக்கினாலோ மங்கினாலோ பத்துக்கு ஏழு தடவை எர்த்தில்தான் கோளாறு இருக்கும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பிளஸ் மைனஸ் மாறினால் எல்.இ.டி. எரியாது, பல்பு மாதிரி எப்படிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிற குணம் அதற்கு இல்லை.

கடைசியாக டாஷ்போர்டு. ஐரோப்பிய விதியில் பின் மூடுபனி விளக்கு எரியும்போது ஓட்டுநருக்கு முன்னால் ஒரு அடையாள விளக்கு எரிந்தே ஆக வேண்டும். கூடுதல் விளக்கு மாட்டுபவர்களும் உள்ளே சின்ன விளக்கு வைத்த ஸ்விட்சாக வாங்குவது இதனால்தான். ஆனால் அந்தச் சின்ன விளக்கு ஸ்விட்ச் போட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்லும், பின்னால் கண்ணாடி மேல் சேறு அப்பியிருப்பதைச் சொல்லாது. பழைய பல்பின் சூட்டில் சேறு காய்ந்து உதிர்வதும் உண்டு. எல்.இ.டி. விளக்கின் கண்ணாடி அவ்வளவு சூடாவதில்லை, அப்பியது அப்படியே இருக்கும். டீசல் போட நிறுத்தும் இடத்தில் இறங்கி, வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், துணியால் துடைத்துவிட்டு வர வேண்டும்.